அளவு ஜாக்கெட்

"இது யாரோட அளவு, டீச்சர்?"

தையல்கார அக்கா கேட்டது இவ்வளவுதான். அதில் குத்தலும் இல்லை, கேலியும் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். பலருடைய துணியும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில், யாருடைய அளவு ஜாக்கெட் யாருடைய பைக்குள் மாறிப்போனது என்று கவனிப்பது அவருடைய வேலை. நீட்டிய ஜாக்கெட்டைப் பார்த்தார், நீட்டியவளைப் பார்த்தார். இரண்டும் பொருந்தவில்லை. கேட்டுவிட்டார்.

அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். அந்த விடுப்பு முடியும் தறுவாயில், பள்ளிக்குக் கட்டுவதற்கென்று சேலைகளை எடுத்து வந்திருந்தாள். கூடவே கல்யாணமான புதிதில் தைத்த ஒரு ஜாக்கெட். அளவு ஜாக்கெட் என்றால் அவள் கை எப்போதும் அதைத்தான் எடுக்கும். "என்னோடதுதான்க்கா" என்றாள். அக்கா அதை உள்பக்கமாகத் திருப்பிப் பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார். "உள்ள துணியே விடலையே. பிரிச்சு விட முடியாது. டேப்புல எடுத்துருவோம்." எடுத்தார், நோட்டில் எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றிரவு பிள்ளை தூங்கிய பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. "என்னோடதுதான்" என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் அது உண்மையா என்பதும் அவளுக்கு விளங்கவில்லை.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் திரும்பி வருவது நிறையவே இருக்கிறது. கர்ப்பப்பையின் எடை சாதாரணமாக 60, 70 கிராம். பேறுகாலத்தில் அது ஏறக்குறைய ஒரு கிலோவாகிவிடும். பிள்ளை பிறந்து ஆறு வாரத்துக்குள் அது பழைய அளவை ஒட்டிச் சுருங்கியும் விடுகிறது. கர்ப்ப காலத்தில் நாற்பது ஐம்பது சதவீதம் கூடும் இரத்தமும் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். பிள்ளை பிறந்த மூன்றாம் நான்காம் மாதத்தில் சீப்போடு கொத்தாக வரும் முடி, பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயதாவதற்குள் மறுபடி முளைக்கிறது. இத்தனை பெரிய வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடிக்கும் உடம்பை யாரும் பாராட்டுவதில்லை. கண்ணாடியில் தெரிவது அதுவல்லவே.

திரும்பாதவையும் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 49 கர்ப்பிணிகளின் பாதங்களை அளந்து, பேறுகாலத்துக்குப் பிறகு மறுபடியும் அளந்தார்கள். 60 முதல் 70 சதவீதம் பேருக்குப் பாதம் நீண்டோ அகன்றோ இருந்தது. 2013இல் அந்த முடிவுகள் வெளியாயின. நார்வேயில் முதல் பிள்ளை பெற்ற 300 பெண்களை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு வயிற்றைப் பற்றியது. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளும் கர்ப்பத்தில் விலகிக்கொள்கின்றன. பிள்ளை பெற்ற ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு அந்த விலகல் இருந்தது. ஒரு வருடம் கழித்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. உணவைக் குறைத்தால் கொழுப்பு குறையலாம், அந்த இடைவெளி குறையாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அவள் மனம் அந்தப் பக்கத் தையலையே சுற்றி வந்தது. அவளுடைய அம்மா தையல்காரரிடம் எப்போதும், "உள்ள ரெண்டு விரல் துணி விட்டுத் தைங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார். அம்மாவின் பழைய ஜாக்கெட்டுகளின் ஓரத்தில் வரிவரியாக ஊசித் துளைகள் இருக்கும். ஒரு வரி அண்ணன் பிறந்தபோது பிரித்தது, அடுத்தது இவள் பிறந்தபோது. உடம்பு மாறும் என்பதைத் தைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொண்ட துணி அது. அவள் ஜாக்கெட்டில் அந்த இரண்டு விரல் இல்லை. கச்சிதமாக இருக்கவேண்டும் என்று ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

ஆச்சிக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. ஆச்சி ரவிக்கை போடாத தலைமுறை. தாமிரபரணிப் படித்துறையில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் வயிறு, ஏழு பிள்ளை பெற்ற வயிறு, மடிப்பு மடிப்பாகத் தொங்கும். சிறுமியாக இருந்த அவள் அதைப் பிடித்துப் பிசைந்து விளையாடுவாள். ஆச்சி தட்டிவிட்டதில்லை. கல்யாணத்தன்று கட்டிய சேலையை ஏழாவது பிள்ளைக்குப் பிறகும் கட்ட முடிந்தது. சேலைக்கு இடுப்பளவு கிடையாது. ஆச்சியின் பெட்டியில், "நீ இப்படித்தான் இருந்தாய்" என்று சொல்லும் துணி ஒன்றுகூட இல்லை.

அந்தக் காலமே நல்ல காலம் என்று இதை முடித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. தும்மல் வந்தால் ஆச்சி எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நின்று கால் இரண்டையும் இறுக்கிக்கொள்வாள். அது ஆச்சியின் வழக்கம் என்றுதான் சிறுமி நினைத்திருந்தாள். இப்போது அவளுக்கே தும்மும்போது இரண்டு சொட்டு கசிகிறது. பிரசவத்தில் இடுப்பின் அடித்தசைகள் தளர்வதால் வருவது அது. முறையாகப் பயிற்சி செய்தால் பலருக்குச் சரியாகும். ஆச்சிக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆச்சியும் யாரிடமும் கேட்கவில்லை. உடம்பை ஏற்றுக்கொண்டாளா, வாய்விட்டுச் சொல்ல இடமில்லாமல் இருந்தாளா? இனி கேட்கவும் முடியாது.

இன்றைய வீடுகளில் பேச்சுக்குக் குறைவில்லை. பூண்டும் பால்சுறாப் புட்டும் பிள்ளை பெற்ற மருந்துமாக, "சாப்பிடு, பால் ஊறணும்" என்று ஊட்டுகிற அதே சித்திதான் மறுமாதம், "என்ன இன்னும் வயிறு உள்ள போகல?" என்று கேட்கிறார். சித்தி ஊட்டுவதில் நியாயம் இருக்கிறது. பாலூட்டும் முதல் ஆறு மாதம் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரண்டாவது கேள்விக்குத்தான் நியாயம் தெரியவில்லை.

உலக அழகிப் பட்டம் வென்ற ஐஸ்வர்யா ராய் 2011 நவம்பரில் மகளைப் பெற்றார். அடுத்த ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவுக்குப் போனபோது, அவருடைய எடையைப் பற்றி ஊரே பேசியது. பிள்ளைக்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 2013 ஜூலையில் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின், பிள்ளை பெற்ற மறுநாளே மருத்துவமனை வாசலில் நின்றார். புள்ளிபோட்ட நீல உடைக்குள் வயிறு பெரிதாகவே தெரிந்தது. பிள்ளை வெளியே வந்ததும் வயிறு தட்டையாகிவிடும் என்று நினைத்திருந்த பலருக்கு அது செய்தி. மணிப்பூரின் மேரி கோம் 2007இல் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று, 2008இல் உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை மறுபடி வென்றார். இந்த மூன்றாவது கதையை அவளிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஊக்கப்படுத்தத்தான். மேரி கோமுக்கு உடம்பு என்பது தொழில் என்பதையும், நாள் முழுக்கப் பயிற்சி இருந்தது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்தது ஒன்று. எந்தப் பத்திரிகை என்பது மறந்துவிட்டது, 27 என்ற எண் மட்டும் தங்கியிருந்தது. தேடிப் பார்த்தாள். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. டயானா பியாங்கி என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1996இல் வெளியிட்ட கட்டுரை அதைப் பற்றியது. ஆண் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் இரத்தத்தில் 27 ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தகைய செல்களை அவர்கள் கண்டார்கள். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட பிறகும், அவனுடைய செல் தாயின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது! எடையிலோ சுற்றளவிலோ அது சேராது. ஆனால் "யாரோட அளவு" என்ற கேள்வி அவளுக்கு அந்த இடத்தில் வேறு மாதிரிக் கேட்டது. பழைய உடம்புக்குத் திரும்புவது என்றால், அங்கே ஒருத்தி மட்டும்தானே இருந்தாள்?

இப்படியே யோசித்து, மாறிய உடம்பு மாறியபடியே இருக்கட்டும் என்று அவள் ஏறக்குறைய முடிவு செய்திருந்தாள். ஆனால் மருத்துவ ஃபைலில் இன்னொரு தாள் இருக்கிறது.

கர்ப்பத்தில் அவளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். 140 என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் முயற்சியால் பரவிய முறை இது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பது தமிழ்நாட்டில் 2007இலேயே அரசாணையாகிவிட்டது. பிள்ளை பிறந்ததும் அவளுக்குச் சர்க்கரை இறங்கியது. ஆனாலும் கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏழு மடங்கு என்று 2009இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. எடையைக் குறைத்தால் அந்த அபாயமும் குறையும். மருத்துவர் தெளிவாகச் சொல்லியனுப்பினார்: "குறைங்கம்மா. அழகுக்காக இல்ல."

அதற்குப் பிறகு மாலையில் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறாள். எடை மெதுவாக இறங்குகிறது. மருத்துவர் சொன்ன எண் ஒன்று மனதில் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் இருக்கும் இடுப்பும் மனதில் இருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் எதை நோக்கி நடக்கிறாள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மருத்துவர் சொன்ன எண் வந்ததும் போதும் என்று நின்றுவிடுவாளா, அதற்கு மேலும் நடப்பாளா? அது வரும்போதுதான் தெரியும் என்று நினைக்கிறாள். அப்போதும் தெரியாமல் போகலாம்.