வாடாத இலை

இயற்கையின்மேல் நமக்கு இப்போது மிகுந்த அன்பு பிறந்திருக்கிறது. கூடத்துச் சுவரில் பிளாஸ்டிக் கொடி. அதன் அருகே 'பூமியைக் காப்போம்' என்று எழுதிய பலகை. அந்தக் கொடியோ, பூமியைக் குடைந்தெடுத்த எண்ணெயிலிருந்து பிறந்தது. அது வாடாது, குப்பைக்குப் போனால் எளிதில் மட்கவும் மட்காது. எதனிடமிருந்து பூமியைக் காப்பது என்று கேட்டால், பலகை பக்கத்துக் கொடியைத்தான் காட்ட வேண்டும்!

இதைப் போலித்தனம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். எனக்கு அப்படி முடிக்க மனமில்லை. உண்மையான அன்பு உள்ளவர்களும் இந்த முரண்பாட்டில் அகப்பட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் (1834-1896) அப்படிப்பட்டவர். கவிஞர், கைத்தொழிலின் காதலர், சமதர்மவாதி. ஆலைப் புகை நாட்டைக் கெடுப்பதைக் கண்டு கொதித்தவர். வீட்டுக்குள் பூவும் கொடியும் பறவையும் வரவேண்டுமென்று, சுவரில் ஒட்டும் வண்ணத்தாள்களை வரைந்தார். ரோஜாக் கொடி படர்ந்த பந்தலைக் காட்டும் 'ட்ரெல்லிஸ்' என்னும் தாளை அவர் வரைந்தது 1862-இல். அதன் பழைய பிரதி ஒன்றைச் சோதித்த விஞ்ஞானி ஒருவர், 2003-இல் முடிவை வெளியிட்டார். அதன் பச்சையில் இருந்தவை செம்பும் பாஷாணமும்!

மாரிஸின் குடும்பச் செல்வமும் டெவன் சீமையிலிருந்த ஒரு செப்புச் சுரங்கத்தின் பங்குகளால் பெருகியதுதான். அந்தச் சுரங்கம் பின்னாளில் பாஷாணத்தையும் ஏராளமாக உற்பத்தி செய்தது. 1871 முதல் 1875 வரை அவரே அதன் இயக்குநர்களில் ஒருவர். பிறகு அவுரி முதலிய தாவரச் சாயங்களை நாடி, கைகள் நீலம் பாரிக்கும்வரை உழைத்தார். ஆயினும் 1885-இல் எழுதிய கடிதத்திலும், சுவர்த்தாளின் பாஷாணத்துக்கு மக்கள் அஞ்சுவதை மடமை என்றே கருதினார்.

அவர் இலையை நேசித்தது பொய்யா? பொய்யன்று. இலையின் அழகில் தோய்ந்த கண், அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அச்சம் தருவதும் இதுவே. பொய் அன்பை எளிதில் கண்டுகொள்ளலாம். பாதி வழியில் திருப்தியடைந்துவிடும் அன்பைக் கண்டுகொள்வது அரிது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவை, சுவர்ப் பலகை நமக்கு விலைக்குத் தந்துவிடுகிறது.

நகரத்து மாடி வீட்டில் மண்ணுக்கு ஏது இடம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். பசுமைக்கு ஏங்குவது குற்றமன்று. அந்த ஏக்கம் நம்மை மரத்திடம் கொண்டுபோகிறதா, மரமே வேண்டாமென்று ஆக்கிவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

மாவிலைத் தோரணம் இரண்டு நாளில் வாடிவிடும். அடுத்த பண்டிகைக்கு மறுபடியும் இலை வேண்டும்; அதற்கு எங்கேனும் ஒரு மாமரம் நின்றாக வேண்டும். இப்போது பிளாஸ்டிக் மாவிலையும் கடைகளில் தொங்குகிறது. அதை ஒருமுறை வாங்கிக் கட்டிவிட்டவருக்கு, தெருவில் மாமரம் இருந்தாலென்ன, வெட்டுப்பட்டாலென்ன? வாடுகிற இலைதான் நம்மை மரத்துக்குக் கடன்பட்டவர்களாக வைத்திருக்கிறது.