போதும் என்று சொல்வது யார்?

2003-இல் கேனன் நிறுவனம் சில மாத இடைவெளியில் இரண்டு டிஎஸ்எல்ஆர் கேமராக்களை அறிவித்தது. முதலில் வந்த 10டி அமெரிக்காவில் ஏறக்குறைய 1,500 டாலர். ஆகஸ்டில் வந்த 300டி, லென்ஸ் இல்லாமல் 899 டாலர். ஆயிரம் டாலருக்குக் குறைவாக ஒரு டிஎஸ்எல்ஆர் என்பது அன்று பெரிய செய்தி. இரண்டிலும் இருந்தது 6.3 மெகாபிக்சல் சென்சார்தான். பகல் வெளிச்சத்தில் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

அப்படியென்றால் 600 டாலர் வித்தியாசம் எதற்கு? ஒரு பகுதி நியாயமானது. 10டி-யின் உடல் உலோகம், 300டி பிளாஸ்டிக். 10டி தொடர்ச்சியாக ஒன்பது படம் எடுக்கும், 300டி நான்கோடு மூச்சு வாங்கும். உலோகத்துக்கும் மெமரிக்கும் காசு கொடுக்க வேண்டும், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் ஐஎஸ்ஓ 3200-ம் 300டி-யில் இல்லை. பிறகு யாரோ ஒருவர் அதன் மென்பொருளைத் திருத்தி இணையத்தில் விட்டார். அதை ஏற்றியதும் இல்லாத வசதிகள் வேலை செய்தன. கேமராவுக்குள் அவற்றுக்கான திறன் முதலிலிருந்தே இருந்தது. பூட்டு மட்டும்தான் போடப்பட்டிருந்தது.

என் கேள்வி இந்தப் பூட்டைப் பற்றியது. செலவை மிச்சப்படுத்தக் குறைப்பது ஒன்று. செலவு எதுவும் மிச்சமாகாதபோதும், வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது வேறொன்று. இரண்டாவதில் அறப்பிழை இருக்கிறதா?

தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். அவர் தொழிலைத் தொடங்கியது பழைய 300டி ஒன்றில்தான். கோயில் மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. பட்டுச் சேலையின் ஜரிகையும் நகையும் ஃபிளாஷைத் திருப்பியடிக்கும். வெளிச்சம் போதும் என்று கேமரா ஃபிளாஷை அடக்கிவிடும், பெண்ணின் முகம் கறுத்துப்போகும். அதைச் சரிசெய்யும் வசதிதான் பூட்டப்பட்டிருந்தது. விலைகூடிய வெளி ஃபிளாஷ் வாங்கினால் சமாளிக்கலாம். வாங்க முடிந்தவர் 300டி-க்கு ஏன் வருகிறார்? நான் கோபமாகப் பேசியபோது அவர் சிரித்தார். "தம்பி, அந்த சாமான் அந்த விலைக்கு வரலன்னா நான் இன்னிக்கும் பால்மரந்தான் வெட்டிக்கிட்டு இருப்பேன். பூட்டிக் குடுத்தான், ஆனா குடுத்தான்ல?"

இந்தப் பதிலை எளிதில் தள்ள முடியவில்லை. பொருளியல் அறிஞர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். 1990-இல் ஐபிஎம் தன் அச்சுப்பொறி ஒன்றை, நிமிடத்துக்கு 10 பக்கத்திலிருந்து ஐந்தாக மெதுவாக்கி மலிவாக விற்றது. மெதுவாக்கவே தனி ஏற்பாடு தேவைப்பட்டது. பூட்டு இல்லாவிட்டால் யாரும் 10டி வாங்க மாட்டார்கள். 10டி விற்காவிட்டால் 300டி-யை அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுப்பதால்தான் இல்லாதவருக்கும் ஒன்று கிடைக்கிறது என்பது வாதம்.

இதே கணக்கின் மறுபக்கத்தை 1849-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் டுப்யூய் பார்த்துவிட்டார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்குக் கூரை போடாதது கூரைக்கு ஆகும் செலவுக்காக அல்ல, இரண்டாம் வகுப்புக்குக் காசுள்ளவன் மூன்றாவதில் ஏறிவிடாமல் இருக்கத்தான் என்றார். ஏழையை நனைய வைக்கும் ஆசை ரயில் கம்பெனிக்கு இல்லை. பணக்காரனைப் பயமுறுத்த வேண்டியிருக்கிறது, அதற்கு ஏழை நனைகிறான். அண்ணன் எடுத்த படத்தில் கறுத்துப்போன முகத்தின் கணக்கும் இதுதான். அந்தப் பூட்டு அவருக்காகப் போடப்பட்டதே அல்ல. 1,500 டாலர் கொடுக்கக்கூடிய யாரோ ஒருவரைத் தடுக்கப் போடப்பட்டது.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மேட்டில் துரை பங்களா, நடுவில் கிராணி வீடு, கீழே லயத்து வீடுகள். பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் சொன்னது, பள்ளியும் வந்தது. எழுத, படிக்க, கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். கிராணி ஆவதற்குத் தேவையான ஆங்கிலம் அங்கே இல்லை. 'தோட்டத்துப் புள்ளைக்கு இது போதும்' என்பது எங்கும் எழுதப்படாத விதி. ஒன்றுமே இல்லாததற்கு அந்தப் பள்ளி மேல்தான். ஆனால் அது மேல் என்பதாலேயே அந்த விதி நியாயமாகிவிடுமா?

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கேமரா வாங்குபவருக்கு வேறு கடை இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைக்கு இருக்கவில்லை. 2004-இல் நிக்கோன் டி70 கூடுதல் வசதிகளோடு 999 டாலருக்கு வந்தது. மறு ஆண்டே கேனன் 350டி-யில் ஃபிளாஷ் பூட்டைத் திறந்தது. திறந்தது மனசாட்சியல்ல, போட்டி. போட்டி இல்லாத இடத்தில் பூட்டு எத்தனை காலம் கிடக்கும் என்பதற்குத் தோட்டமே சாட்சி.

எனவே மலிவான பொருளைத் தனியாகச் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு உறுத்துவது அதோடு சேர்த்து விற்கப்படும் வாக்கியம். 'ஆரம்பநிலையாளர்', 'ஆர்வலர்', 'தொழில்முறையாளர்' என்று கேமராவுக்கு வைத்த படிகள் மெல்ல ஆளுக்கு வைத்த படிகளாகிவிடுகின்றன. உன்னிடம் காசு குறைவு, அதனால் இதைப் பூட்டியிருக்கிறோம் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. உனக்கு இது தேவைப்படாது என்கிறது. முன்னது வியாபாரம். பின்னது அவன் தேவையை அவனுக்குப் பதிலாகத் தீர்மானிப்பது, அதுவும் பொய்யாக.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூட்டிருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல தம்பி. ரெண்டு வருசம் என் கைதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.