தண்ணீர் கிடைத்தால் தயம்மும் செல்லாது

 

நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நாய்க்கடி என்றதும் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகள் ஞாபகத்திற்கு வரும். அந்த மருந்து எப்படித் தயாரானது? மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வரும் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அங்கும் வேறு சில இடங்களிலும் ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். ஆடு நோயில் விழுந்ததும் அதைக் கொன்று, மூளையிலிருந்து மருந்து எடுப்பார்கள். சிலருக்கு அந்த ஊசியே பக்கவாதத்தைக் கொடுத்தது. பிறகு ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்தே மருந்து வந்தது. 2004 இறுதியில் மூளை மருந்துத் தயாரிப்பை நம் நாடு நிறுத்திவிட்டது.

மருந்தைத் தயாரிப்பதில் வந்த இந்த மாற்றம், மருந்தைச் சோதிப்பதிலும் வர வேண்டாமா?

பார்மசி படிக்கும் நம் மஹல்லாப் பிள்ளை ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், லேபில் எலிக்கு மருந்து கொடுத்துப் பிறகு கொல்கிறோம். இது பாவமா?"

இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு வழியே போனபோது, வாலிபர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ளதை இலக்காக்குபவனை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை அவர் எடுத்துச் சொன்னார். அவர்களும் ஒரு வகையில் பயிற்சிதான் எடுத்தார்கள். ஆனால் அம்பு பழக உயிர் தேவையில்லை, மரக்கட்டை போதும்.

அப்படியானால் எல்லா மிருகச் சோதனையும் ஹராமா? இல்லை. மனித உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது அனுமதி உண்டு. ஆனால் அது ளரூரத்தின் அனுமதி, தயம்மும் போல. தண்ணீர் இல்லாதவரை தயம்மும் செல்லும். கிடைத்து, பயன்படுத்தவும் முடிந்தால் முறிந்துவிடும். ஏற்கனவே தொழுத தொழுகை வீணாகாது. ஆகவே முன்பு ஆராய்ந்தவர்களை நாம் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் இனித் தொழுபவர் முதலில் தண்ணீரைத் தேட வேண்டும்.

தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. 2015-ல் பெங்களூரின் பாண்டோரம் நிறுவனத்தார் முப்பரிமாண அச்சு முறையில் மனிதக் கல்லீரல் திசுவை உருவாக்கினார்கள். மருந்தின் நச்சு பல நேரங்களில் கல்லீரலில் தெரியும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகாத்மா காந்தி - டோரன்காம்ப் மையத்தை வழிநடத்தி, மாணவர்கள் மிருகங்களை அறுக்காமலே படிக்க வழி தேடியவர் பேராசிரியர் அக்பர்ஷா அவர்கள். நம் சமுதாயத்தவர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். 2023 மார்ச்சில் மத்திய அரசு புது மருந்து விதிகளைத் திருத்தி, செல், திசு, கணினி வழிச் சோதனைகளையும் ஏற்றது. ஏற்றதே தவிர, கட்டாயமாக்கவில்லை.

எலி மனிதனும் அல்ல. 1950-களின் இறுதியில் வந்த தாலிடோமைடு மாத்திரையை எலிகள் தாங்கிக்கொண்டன; அதை விழுங்கிய கர்ப்பிணிகளுக்குக் கை கால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன.

ஆனாலும் தண்ணீர் இன்னும் போதவில்லை. ஒரு துண்டுத் திசுவுக்கு இரத்த ஓட்டமும் இல்லை, கர்ப்பமும் இல்லை. நான் சொன்ன நாய்க்கடி ஊசியின் வீரியத்தை அளக்கக்கூடப் பல இடங்களில் இன்றும் எலிகளே சாகின்றன. இதற்கும் ஃபிக்ஹில் வழியுண்டு: ஷாஃபிஈ மத்ஹபில், உளூவுக்குப் போதாத தண்ணீர் இருந்தால் அதை முதலில் செலவழித்து, மீதிக்கு மட்டுமே தயம்மும். அந்தப் பிள்ளையிடம் இதைத்தான் சொன்னேன்: "திசுவில் பார்க்க முடிந்ததை அதில் பாருங்கள். முடியாததற்கு மட்டும் எலி, அதுவும் வலி குறைத்து. கணினியில் காட்டக்கூடிய பழைய பாடத்திற்காக ஓர் உயிரை எடுக்காதீர்கள். மாற்று வழி உண்டா என்று ஆசிரியரிடம் அதபோடு கேளுங்கள்."

இன்னொன்று. மனிதத் திசு எங்கிருந்து வரும்? அறுவைச் சிகிச்சையில் அகற்றிய சதையிலிருந்தும் வரும். உடல் அல்லாஹ் தந்த அமானத். சொல்லாமல் எடுப்பதும், விலை பேசுவதும் கூடாது. ஆனால் மருத்துவர் முறையாக விளக்கி, எப்படியும் அப்புறப்படுத்தப் போகும் சதையை ஆராய்ச்சிக்குத் தரக் கையெழுத்துக் கேட்டால், பயந்து மறுக்க வேண்டியதில்லை. படித்துப் பாருங்கள், சந்தேகமிருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள், மனம் ஒப்பினால் போடுங்கள்.