நீருக்கு நற்சான்று யார் தருவது?

ஓடும் நீர் நல்லதா கெட்டதா என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு? ஆய்வுகூடத்துக்கு என்று உடனே பதில் வரும். அது பாதிப் பதில்தான். நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஆய்வுகூடம் சொல்லும். யாருடைய நன்மைக்காக, எவ்வளவு கலக்க விடலாம் என்பதை அது சொல்லாது. அது அறம் சார்ந்த கேள்வி. அதற்கு விடை கூறும் உரிமை அந்த நீரைக் குடிப்பவருக்கு எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதே இங்கு நான் எண்ணிப் பார்க்க விரும்புவது.

ராகலையில் ஆசிரியனாக இருப்பவனுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. எமது தோட்டங்கள் பலவற்றில் இன்றும் மலைச்சரிவில் ஊறும் நீரே குழாய் வழியாகவோ பீலி வழியாகவோ லயங்களுக்கு வந்து சேருகிறது. ஊற்றுக்கு மேலே தேயிலை மலை. அந்த மலைக்கு எந்த உரம், எந்தப் புல்மருந்து என்பது நிர்வாகத்தின் தீர்மானம். மருந்தடிப்பவரும் கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவரும் பல வேளைகளில் ஒரே வீட்டார். கிளைபோசேட் என்ற களைகொல்லி 2015இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. தடையும் தளர்வும் சரியா பிழையா என்பதை நிபுணர்கள் பேசட்டும். இரண்டு முறையும் பீலித் தண்ணீரைக் குடிப்பவரின் சம்மதம் தேவைப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பத்தாம் தர வகுப்பில் ஒரு நாள், "பாடசாலைக்குக் கீழே ஓடும் ஓடை யாருடையது?" என்று கேட்டேன். "தோட்டத்துடையது சேர்" என்றார்கள் பலர். "அரசாங்கத்துடையது" என்றான் ஒருவன். "எங்களுடையது" என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்படிச் சொல்லச் சட்டமே இடம் கொடுத்த மக்களும் உலகில் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தில் 401ஆம் பிரிவு என்று ஒன்றிருக்கிறது. ஒருவர் செய்யப்போகும் வேலையால் நீர்நிலையில் ஏதேனும் கலக்கக்கூடுமானால், சமஷ்டி அரசின் அனுமதி மட்டும் அவருக்குப் போதாது. அது கலக்கும் இடத்து மாநிலம் நீரின் தரம் குறித்துச் சான்றிதழ் தரவேண்டும். மாநிலம் மறுத்தால் சமஷ்டி அரசும் அனுமதி வழங்க முடியாது. 1987இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, தகுதி பெறும் பழங்குடி அரசுகளையும் இந்த விடயத்தில் மாநிலங்களைப் போலவே நடத்தலாம் என்றாயிற்று. தமது நீருக்கான தர நியமங்களை வகுக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் இஸ்லெட்டா என்ற பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்குச் சில மைல்கள் மேலே அல்புகர்க்கி என்ற பெருநகரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். 1992இல் இஸ்லெட்டா மக்கள் மாநிலத்தின் நியமத்தைவிடக் கடுமையான நியமங்களை வகுத்தனர். தமது சமயச் சடங்குகளில் அந்த ஆற்றில் மூழ்கவும் அதன் நீரைப் பருகவும் வேண்டியிருப்பதை ஒரு காரணமாகக் காட்டினர். மாநகரம் வழக்குத் தொடுத்தது. 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடியினரின் பக்கமே தீர்ப்பளித்தது. 1997இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. சில ஆயிரம் பேர் கொண்ட ஒரு சமூகத்தின் சொல்லுக்குப் பெருநகரம் ஒன்று கட்டுப்பட வேண்டியதாயிற்று.

அதே 1987இல் நம் நாட்டில் நடந்ததையும் பார்ப்போம். அவ்வாண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமங்களுக்குத் தமது காரியங்களைத் தாமே பார்க்கும் சபைகளைத் தந்தது. ஆனால் அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள் அந்தச் சபைகள் தாராளமாகப் பணம் செலவிடத் தடையாக நின்றது. வாக்களிக்கலாம், ஆனால் அந்த வாக்கால் வந்த சபை லயத்துக்கு ஒரு கிணறு வெட்டித் தருவதற்குக்கூடச் சட்டம் குறுக்கே நின்றது. இது திருத்தப்பட்டது 2018இல். இடையில் முப்பத்தொரு ஆண்டுகள்.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். இஸ்லெட்டா மக்கள் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள். தமக்கென ஆட்சி உடையவர்கள். மலையகத் தமிழரோ இரு நூற்றாண்டுகளுக்கு முன் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இரண்டையும் ஒப்பிடலாமா? சட்டத்தின்படி ஒப்பிட முடியாதுதான். ஆனால் இஸ்லெட்டாவின் கோரிக்கை இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, நாம் முதலில் வந்தோம் என்பது. மற்றது, நாம் இதைக் குடிக்கிறோம் என்பது. நீதிமன்றத்தில் முதலாவது பலமானது. அறத்தின் முன் இரண்டாவதே பலமானது என்பேன். முதலில் வந்தவரின் குழந்தைக்கு வரும் வயிற்றோட்டமும் பின்னர் வந்தவரின் குழந்தைக்கு வரும் வயிற்றோட்டமும் ஒன்றுதான். தாகம் வம்சாவளி கேட்பதில்லை.

கருத்துக் கேட்பது போதாதா என்பது அடுத்த கேள்வி. நம் சுற்றாடல் சட்டத்தின்படி பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். சொல்லலாம், ஆனால் தீர்மானம் வேறிடத்தில். நமக்கு அண்மையிலுள்ள உமா ஓயாத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2014 டிசம்பரில் சுரங்கப்பாதைக்குள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின; வீடுகள் வெடித்தன. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் குடத்தோடு நிற்க நேர்ந்தது. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவாட் மின்சாரம் நாட்டுக்குக் கிடைக்கிறது. அந்த மின்சாரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். இழக்கக்கூடியவரிடம் அபிப்பிராயம் கேட்பது ஒன்று, அவரது சம்மதத்தைப் பெறுவது வேறொன்று. அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டு ஒதுக்கிவைக்கலாம். சம்மதத்தை அப்படி ஒதுக்க முடியாது.

ஒரு சிறு கூட்டம் நாட்டையே மறித்துவிடாதா என்று அஞ்சுவோரும் உளர். அமெரிக்கச் சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. சான்றிதழ் தருவோர் அதிகபட்சம் ஓராண்டுக்குள் பதில் சொல்லவேண்டும்; சொல்லாவிட்டால் அந்த உரிமையைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். மறுப்பதற்கான காரணம் நீரின் தரத்தோடு தொடர்புடையதாக இருக்கவேண்டும். அங்கும் இது நிலைத்த உரிமையல்ல. 2020இல் விதிகள் இதனைச் சுருக்கின, 2023இல் மீண்டும் விரித்தன. எனினும் கடமையோடு சேர்ந்த அதிகாரம் என்பதே அதன் சாரம். கண்மூடித்தனமான தடை அல்ல.

அந்தக் கடமை நம்மையும் விடாது. ராகலைச் சரிவுகளின் நீர் இறங்கி மகாவலியில் சேருகிறது. நாம் பீலியில் குடிப்பவர்கள் மட்டுமல்லர், எத்தனையோ ஊர்களுக்கு மேலே இருப்பவர்களும் ஆவோம். லயத்தின் சாக்கடையும் கடைத்தெருவின் பொலித்தீனும் ஓடையில் விழும்போது, கீழே குடிப்பவரிடம் நாமும் சம்மதம் கேட்கவில்லை. மேலே இருப்பவரிடம் நாம் கோரும் நீதியைக் கீழே இருப்பவருக்கு மறுத்தால் நமது கோரிக்கை வெறும் புகாராகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் நீரைக் குடிப்போரின் குழு ஒன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் துணையோடு நீரைச் சோதித்துப் பதிவு வைக்கலாம். ஊற்றுக்கு மேலே எது நடப்பதாயினும் அக்குழுவின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று பிரதேச சபை விதி செய்யும்படி கோரலாம். 2018இன் பின் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. அந்தப் பதிவுப் புத்தகத்தை எழுதப்போகிறவர்கள் இன்று பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகள். ஓடை எங்களுடையது என்று சொல்வதற்கு முன், அதைக் காப்பதும் எங்களுடையது என்று அவர்கள் அறிந்திருப்பது நல்லது.