முந்தியது வீடா, அண்டை வீடா?

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார்க்க வேண்டும் என்னும் கருத்துடைய அரபுப் பழமொழி ஒன்று உண்டு. ‘அல்ஜார கப்லத் தார்’ என்பர். இதனை நபிமொழியாக எடுத்துரைப்போரும் உளர். ஆயினும் ஹதீஸ்கலை வல்லுநர் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானதென்றே கொண்டனர். பழமொழியாக வைத்துக்கொள்வதில் குறைவொன்றுமில்லை. அரபு இலக்கணம் கற்பிப்போருக்கு இவ்வாக்கியத்தில் ஒரு தனிச்சுவை உண்டு. இதில் வினைச்சொல்லே கிடையாது. ‘ஜார்’ என்னும் சொல் செயப்படுபொருளுக்குரிய ஈற்றை ஏற்று நிற்பதால், அதற்கு முன் ஒரு வினை மறைந்து நிற்கிறது என்று மாணவருக்கு விளக்குவோம். ‘தேடு’, ‘தேர்ந்தெடு’ என்று உரைகாரர் அதனை நிரப்புவர்.

அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுப்பது ஆகிற காரியமா என்ற ஐயம் நம் ஊர்களில் எழுவதற்கே வழியில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்மக்களுக்கு வீடு கொடுத்து, மணமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அங்கே ஒரு பெண் பிறந்த தெருவிலேயே வளர்ந்து, மணம் முடித்து, பேரன் பேத்திகளைக் காண்பாள். காயல்பட்டினத்தில் பெண்கள் நடந்து செல்வதற்கென்றே வீடுகளுக்கிடையில் முடுக்குகள் உண்டு. அண்டை வீட்டாரும் உம்மாவின் நகையைப் போல் வழிவழியாக வந்து சேர்பவர்களே. அவர்கள் நல்லவர்களாயிருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி, இல்லாவிட்டால் பொறுமை.

அத்தகைய ஊரிலிருந்து ஒரு பிள்ளை படித்து முடித்துச் சென்னையில் வேலைக்கு அமரும்போது, அக்குடும்பத்தில் முதல் முறையாக ஒருவர் எந்தத் தெருவில் வாழ்வது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நமக்குப் பழக்கமில்லாத முடிவு இது. ஆகவே தடுமாறுகிறோம்.

என் நண்பர் ஒருவரின் மகனுக்குச் சோழிங்கநல்லூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சிலகாலம் விடுதியில் இருந்துவிட்டு, தனக்கென்று ஒரு சிறு ஃபிளாட் பார்த்துக்கொள்ள அவன் விரும்பினான். வாப்பாவுக்குத் திருவல்லிக்கேணி, மகனுக்கு மேடவாக்கம். இருவரும் என்னை நடுவராக்கினர். நண்பரின் கட்சியும் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. 1795-இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலின் நிழலில் இருக்கலாம். பாங்கோசை காதில் விழும். ஹலால் உணவுக்கு அலைய வேண்டாம். நோன்பு மாதத்தில் தனித்திருக்கும் துன்பமில்லை. ஊர்க்காரர்கள் நாலு பேர் அங்கிருக்கிறார்கள். வேலை தேடி வந்த எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளை அப்பகுதியின் மேன்ஷன்கள் தாங்கியிருக்கின்றன.

ஆனால் திருவல்லிக்கேணிக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காலையிலும் மாலையிலும் அந்தச் சாலையில் சென்றவர்களுக்கு அதன் பொருள் தெரியும். ஏழு மணிக்குப் புறப்படும் பிள்ளை இரவு ஒன்பதுக்குத் திரும்புவான். அத்தனை சிறப்புடைய பள்ளிவாசலில் அவனுக்குக் கிடைப்பது சுபுஹு மட்டுமே. அதுவும் களைத்துத் தூங்காமல் எழுந்தால். அத்தெருவில் ஒரு முதியவர் வழுக்கி விழுந்தாலும், ஒரு ஜனாஸா சென்றாலும், ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் அவன் அங்கே இருக்கமாட்டான். மேடவாக்கத்திலிருந்து அலுவலகம் ஆறேழு கிலோமீட்டர்தான். மக்ரிபுக்குள் வீடு திரும்பக்கூடியவன் ஒரு தெருவுக்கு உரியவனாக முடியும். தூரம் என்பதை நாம் செலவுக் கணக்கிலும் களைப்புக் கணக்கிலும் எழுதுகிறோம். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றிய கணக்கிலும் அதற்கோர் இடம் உண்டு என்பதே நான் நண்பரிடம் சொன்னது.

அவர் உடனே கேட்டார்: “அங்கே அண்டை வீட்டார் யார்? நம்மவர்களா?”

இக்கேள்வியில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. அண்டை வீட்டாருக்குச் சொத்தில் பங்கே கிடைத்துவிடுமோ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு, அவர்களின் உரிமை குறித்து ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தினார்கள் என்பதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்த அண்டை வீட்டார் யார் என்ற வரையறையைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அன்னிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் உறவுள்ள அண்டையாரையும் அந்நிய அண்டையாரையும் அடுத்தடுத்தே வைக்கிறது. இரண்டு அண்டை வீடுகளில் எவருக்கு அன்பளிப்பை அனுப்புவது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்ற விடையே கிடைத்தது. குலமோ கொள்கையோ அங்கு அளவுகோலாகவில்லை, வாசல்தான் அளவுகோல். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தியும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர் வாசல் நாலடி தூரம். முன்னும் பின்னும் வலமும் இடமும் நாற்பது வீடுகள் அண்டை என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் சொன்னதாக வருகிறது. மேலும் கீழும் வீடுகள் அடுக்கப்படும் காலத்தில் இருந்திருந்தால் அவர்கள் அதையும் சேர்த்திருக்கக் கூடும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. நம் பிள்ளை வாசலைத் தட்டும்போது பெயரைக் கேட்டுவிட்டு, “வீடு பேசியாகிவிட்டது” என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். புரோக்கர்கள் ஃபோனிலேயே ‘சைவம் மட்டும்’ என்று நயமாக முடித்துவிடுவார்கள். மணமாகாதவர், தனியாக வாழும் பெண் என்றால் இன்னும் கடினம். இது வருத்தம் தருவது, அநீதியுங்கூட. ஆனால் நம்மவர் மிகுந்த தெருக்களில் வீடு காலியாகும்போது நாம் என்ன சொல்கிறோம்? வந்து கேட்பவரின் பெயரை நாம் கேட்பதில்லையா?

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘ஷுஃப்ஆ’ என்றொரு பாடம் இருக்கிறது. நிலமோ வீடோ விற்கப்படும்போது அதை முந்தி வாங்கிக்கொள்ளும் உரிமை அது. கடற்கரையூர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் இவ்வுரிமை கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே. ஹனஃபீ மத்ஹபோ அடுத்த வீட்டுக்காரருக்கும் அதனை அளிக்கிறது. தீய அண்டையினால் வரக்கூடிய தொல்லையைத் தடுப்பதே அதன் நோக்கம் என்று அறிஞர் காரணம் கூறினர். இதே பாடத்தில் இன்னொன்றையும் அவர்கள் எழுதி வைத்தனர்: இந்த உரிமையில் முஸ்லிமும், முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழும் பிற சமயத்தவரும் சமமே. அதாவது வாசலுக்குத்தான் உரிமை. வாசலுக்குள் இருப்பவரின் சமயத்துக்கு அன்று. சென்னை உயர் நீதிமன்றம் 1870-இல் ஒரு வழக்கில், இவ்வுரிமை நீதிக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாதது என்று கூறி, இம்மாகாணத்தில் அதனை ஏற்க மறுத்தது. பின்னர் 1962-இல் உச்ச நீதிமன்றம், அண்டை என்ற ஒரே காரணத்தால் வரும் முந்துரிமை அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. வேறு மதத்தாரும் சாதியாரும் ஒரு பகுதியில் நுழையாமல் தடுக்கவே அது பயன்பட்டது என்பது அத்தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தொல்லையைத் தடுக்க எழுந்த ஒரு விதி, அந்நியரைத் தடுக்கும் வேலியாக மாறிவிட்டால் எந்த நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லும். நம் பிள்ளைகளின் முகத்துக்கெதிரே சாத்தப்படும் கதவைக் கண்டிக்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், நம் தெருக்களிலுள்ள அந்த வேலியையும் பார்த்தாக வேண்டும்.

நண்பரின் மனத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. பேச்சு முற்றிய பிறகே அது வெளிவந்தது. “நம்மவர்கள் என்றால் பையன்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள்.” பெண்பிள்ளை என்றால் இக்காரணம் மூடுதிரையின்றி முன்வரிசைக்கே வந்துவிடும். கவலை இயற்கைதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கண் வைத்திருப்பதும் கவனித்துக்கொள்வதும் ஒன்றல்ல. துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் ஹுஜுராத் அத்தியாயத்தில் விலக்கியிருக்கிறது; அதற்குத் ‘தஜஸ்ஸுஸ்’ என்று பெயர். பெண் எத்தனை மணிக்கு வந்தாள், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஊருக்கு ஃபோன் செய்பவர் அண்டை வீட்டார் ஆகமாட்டார். இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லையே, உடம்புக்கு என்ன என்று தட்டிக் கேட்பவரே அண்டை வீட்டார். முன்னவரைக் காவலுக்கு வைப்பதற்காகவே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், இருபத்து நாலு வயதுப் பிள்ளையிடம் ‘உன்னை நாங்கள் நம்பவில்லை’ என்று மாதந்தோறும் வாடகை கொடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஏற்றாற்போல் அப்பிள்ளையும் ஒளிக்கக் கற்றுக்கொள்ளும்.

நம்மவர் என்ற பற்றே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடந்து செல்லும் தூரத்தில் ஒரு பள்ளிவாசல் வேண்டும். ஜும்ஆவுக்கு மூன்று பஸ் மாறுகிறவன் நாளடைவில் போகாமலிருக்கப் பழகிவிடுவான். மஹல்லாவில் பெயர் பதிந்திருப்பது நிகாஹுக்கும் மௌத்துக்கும் உதவும் என்பதும் யாவரும் அறிந்ததே. சென்னையின் தெற்குப் புறநகர்களில் இன்று பள்ளிவாசலுக்குப் பஞ்சமில்லை.

தரையையும் தண்ணீரையும் பற்றி ஒரு சொல். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் கோட்டூர்புரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கங்கள் தண்ணீரில் நின்றதையும் மறக்க முடியாது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரங்களில்தான் புதுக் கட்டடங்கள் பலவும் எழுந்துள்ளன. 2019 கோடையிலோ நகரின் ஏரிகள் வற்றித் தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்தோம். வீட்டுக்காரர் காட்டும் குழாயைத் திறந்து பார்த்தால் போதாது. அந்தத் தெருவில் பத்தாண்டாக இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். 2015-இல் எந்தப் படிவரை நீர் ஏறியது என்பதை அவர் கையால் காட்டுவார். அந்த நாட்களில் யார் யாருக்குக் கதவு திறந்தார்கள் என்பதையும் சொல்வார். பல பள்ளிவாசல்கள் அன்று சமயம் பாராமல் திறந்திருந்தன. தரைத்தளத்துக் குடும்பங்களை மாடிவீட்டார் அழைத்துக்கொண்ட கட்டடங்களும் உண்டு, அழைக்காதவையும் உண்டு.

அபுல் ஜஹ்ம் அல்அதவீ என்பவர் தம் வீட்டை ஒரு லட்சம் திர்ஹத்துக்கு விற்ற கதையை அரபு இலக்கிய நூல்கள் கூறுகின்றன. பேரம் முடிந்ததும், ஸயீத் இப்னுல் ஆஸின் அண்டைக்கு என்ன விலை தருவீர்கள் என்று அவர் கேட்டார். அண்டை வீட்டையும் யாராவது விற்பதுண்டா என்று வாங்கியவர் வியந்தார். அப்படியானால் என் வீட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் அபுல் ஜஹ்ம். தாம் இல்லாதபோது காத்து, இருக்கும்போது நெருங்கி, கேளாமலே உதவும் ஒருவரை விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. செய்தி கேட்ட ஸயீத் அந்த ஒரு லட்சத்தைத் தாமே அனுப்பி வைத்தாராம். கதையில் என்னைக் கவர்வது தொகையன்று. வீட்டை விற்க வந்தபிறகே அவருக்கு அண்டையின் விலை தெரிந்தது. வீடு பார்க்கப் போகும் முதல் நாளில் அது யாருக்கும் தெரிவதில்லை. ஸயீத் போன்ற ஒருவர் புரோக்கரின் பட்டியலில் இருக்கமாட்டார். ஆகவேதான் பழமொழியில் மறைந்திருக்கும் வினையைத் ‘தேர்ந்தெடு’ என்று நிரப்புவதில் எனக்கு நிறைவில்லை. ‘நினை’ என்று நிரப்பினாலும் இலக்கணம் இடம் தரும்: அறைகளை எண்ணுவதற்கு முன்னே, உன்மீது உரிமை கொள்ளப்போகிறவரை நினை.

பதினொரு மாத ஒப்பந்தத்தில் இதெல்லாம் நடக்குமா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். ஓராண்டுக்குக் குறைந்த குத்தகைக்கு 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கட்டாயப் பதிவு கேட்கவில்லை என்பதால் வந்த பதினொரு மாதம் அது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தங்களைப் பதியச் சொன்ன பிறகும் அவ்வழக்கம் போகவில்லை. வேறு உடன்பாடு இல்லாவிடில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. பத்து மாதம் கேட்டுப் பழகிய நகரில் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது. மாணவரின் கேள்விக்கு விடை அதே 36-ஆம் வசனத்தில் இருக்கிறது. இரு வகை அண்டையாரையும் சொன்ன பிறகு, அது ‘பக்கத்தில் இருக்கும் தோழர்’ என்று மூன்றாமவர் ஒருவரையும் குறிப்பிடுகிறது. பயணத்தில் உடன் வருபவர் என்று விரிவுரையாளர் சிலர் அதற்குப் பொருள் கூறினர். ரயிலில் ஓர் இரவு அருகில் அமர்ந்து வருபவருக்கே ஓர் உரிமை உண்டென்றால், பதினொரு மாதம் எதிர் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுகிறவருக்கு எத்தனை என்று அவரையே கணக்கிட்டுக்கொள்ளச் சொன்னேன். பெயரைக் கேட்டறிவதை மட்டும் முதல் வாரத்தைத் தாண்டித் தள்ளிப்போட வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கக் கூச்சம் வந்துவிடும்.