நண்பன் ஆபத்தில் இருக்கையில் நிற்கலாமா?



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நாம் கோவிலைவிட்டு வெளியே வருகையில், சேலையூர்ப் பக்கத்துத் தாயார் ஒருவர் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நம் முன் நிறுத்தினார். பையனுக்கு வயது இருபத்தைந்து இருக்கும், நல்ல உத்தியோகம். அவனும் அலுவலகத் தோழர்கள் நால்வரும் வரும் குளிர்காலத்தில் காஷ்மீரத்துக் குல்மார்க்கிற்குப் போய், பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி ஓட்டப் போகிறார்களாம். "சுவாமி, நீங்களாவது சொல்லுங்கள். பனி சரிந்து மூடிக்கொண்டால் என்ன செய்வது?" என்றார் தாயார். மகன் சிரித்துக்கொண்டே, "அதற்குத்தான் அஞ்சு பேராகப் போகிறோம், சுவாமி. ஒருத்தனுக்கு ஒன்று என்றால் மற்ற நாலு பேரும் ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம்" என்றான்.

அந்தப் பதில் நமக்குப் பிடித்திருந்தது. அறைக்குத் திரும்பி யோசிக்க யோசிக்க, அதே பதில் நம்மைக் கலங்கவும் வைத்தது.

தாம்பரத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிச்சரிவைப் பற்றிச் சாமியாருக்கு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சினில், 19,000 அடிக்கு மேலே, மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் மீது பனி சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பல நாள் கழித்து உயிரோடு கண்டெடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவுக்காக நாடே மன்றாடியது. பிப்ரவரி 11-ஆம் நாள் அவரும் டெல்லியில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர்கள் கடமைக்காக அங்கே நின்றவர்கள். உல்லாசத்துக்குப் போகிறவன் விஷயம் வேறு. போகாமலிருக்கவும் அவனுக்குச் சுதந்திரம் உண்டு.

பனி ஒரே கட்டியாக அமைவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. சில வேளை நடுவில் ஓர் அடுக்கு சர்க்கரைபோல் பொலபொலவென்று ஒட்டாமல் கிடக்கும். அதன்மேல் இறுகிய பனி பலகைபோல் அமரும். சாய்ந்த தரையில் கடுகைக் கொட்டி அதன்மேல் பலகையை வைத்தால் எத்தனை நேரம் நிற்கும்? 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் இந்த ஆபத்து மிகுதி. வண்டியோட்டிகளுக்கு ஆசை மூட்டுவதும் அதே சரிவுகள்தான். ஆளும் வண்டியுமாகக் கால் டன்னுக்கு மேற்பட்ட பாரம் ஏறியதும் பலகை முறிந்து மலைப்பக்கம் முழுவதும் நழுவிவிடுகிறது. (சினிமாவில் யாரோ கூவியதும் பனி சரிவதாகக் காட்டுவார்கள். அது சினிமா, சத்தத்தால் அல்ல, பாரத்தால்தான் சரிகிறது.) உல்லாசப் பயணிகள் இப்படி மடிந்த சம்பவங்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பதில், சரிவைக் கிளப்பியவர் மடிந்தவரோ அவருடைய கூட்டாளியோதான் என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே 'ஆண்டவன் சித்தம்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. நம் கை செய்த வேலையைச் சர்வேசுரன் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

இனி, அந்தப் பையனின் பதிலுக்கு வருவோம். கனடா தேசத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஸ்பார்வுட் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர் உண்டு. அவ்வூரார் 11 பேர் 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஃபெர்னி நகரை அடுத்த மலைகளில் பனிவண்டி ஓட்டினார்கள். ஏழு பேர் ஓரிடத்தில், நான்கு பேர் சற்றுத் தள்ளி. முதற் சரிவு அந்த எழுவரையும் மூடியது. நால்வரும் விரைந்து வந்து தோண்டத் தொடங்கினார்கள். தோண்டிக்கொண்டிருக்கையிலேயே இரண்டாம் சரிவு வந்து, பதினொருவரையும் சேர்த்து மூடியது. உயிரோடு ஊர் திரும்பியவர்கள் மூன்று பேர். அவர்களும் தோழர்களைத் தோண்டிப் பார்த்துவிட்டு, மலை மறுபடியும் சரியும் என்று கண்டு, மற்ற எட்டுப் பேரையும் பனிக்கடியில் விட்டுத்தான் நடந்து இறங்கினார்கள்.

ஓடிவந்த நால்வர் செய்தது தப்பா? இறங்கிப்போன மூவர் செய்தது துரோகமா? இரண்டுக்கும் 'இல்லை' என்பதே நம் பதில். ஆனாலும் இரண்டாவது 'இல்லை'யைச் சொல்லத்தான் நமக்கு நாக்கு எழுவதில்லை. ஓடுகிறவனைப் பார்த்தால் அன்பு தெரிகிறது; நிற்கிறவனைப் பார்த்தால் கல்நெஞ்சன் போலத் தோன்றுகிறது. திடம் என்னும் புண்ணியத்துக்குப் பயம் ஒரு பகை என்றால், மட்டுமீறிய துணிச்சல் இன்னொரு பகை என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் கற்பிக்கிறார். இதைக் குருமடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். ஆனால் நாம் அதை உணர்ந்தது வேறோர் இடத்தில்.

முன்பு நாம் இருந்த ஒரு பங்கில், ஒரே வீட்டு அண்ணனையும் தம்பியையும் ஒரே நாளில் அடக்கம் செய்தோம். கைவிடப்பட்ட கல்குவாரியில் மழைத்தண்ணீர் தேங்கிய குட்டை. பல்லாவரம், திரிசூலம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது எப்படி இருக்குமென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. வழுக்கி விழுந்தவன் தம்பி. நீச்சல் தெரியாமலே குதித்தவன் அண்ணன். கரையில் அவர்கள் கழற்றிப் போட்ட வேட்டி இரண்டு கிடந்தன. முடிச்சுப் போட்டு வீசியிருந்தால் எட்டியிருக்கும் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர்களுடைய தகப்பனார் கல்லறை வாசலில் நம்மைக் கேட்டார்: "சுவாமி, பெரியவன் செய்தது சரிதானே?" சரிதான் ஐயா என்றோம். அந்நேரத்தில் வேறு என்ன சொல்ல? கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, அவர்களைத் தூக்க மூன்றாமவர் இறங்கியதாகப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் அந்தத் தகப்பனாரின் முகம் நம் முன் வருகிறது.

பனிமலையில் பழகியவர்கள் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். சரிவின்மேல் ஒரு வேளையில் ஒருவனே ஏறுவான். மற்றவர்கள் சரிவு வந்து சேராத இடத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் வண்டி மேலே சிக்கிக்கொண்டாலும் இரண்டாமவன் ஏறுவதில்லை; அந்த இரண்டாவது பாரத்தாலேயே மலை முறிந்து இருவரும் போனதுண்டு. பனி மூடிவிட்டால், மேலே இன்னும் சரியக் காத்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, பிறகு தேடுவார்கள். அதற்காக ஒவ்வொருவன் உடம்பிலும் சமிக்ஞை அனுப்பும் கருவியும், முதுகில் துழாவுகோலும் மண்வாரியும் இருக்கும். முதல் பத்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணிக்கு மேலானால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. பத்து நிமிஷத்தில் எந்தப் பட்டாளம் வந்து சேரும்? பக்கத்தில் நிற்கிற தோழன்தான் உண்டு. அவனும் முதலிலேயே ஓடி விழுந்துவிட்டால் மண்வாரி பிடிக்க ஆளில்லை.

கோழைகளுக்கு இது நல்ல சாக்கு என்று யாராவது சொல்லக்கூடும். சொல்வதில் உண்மையுண்டு. "யோசித்துத்தான் நின்றேன்" என்று எவனும் சொல்லிக்கொள்ளலாமே. புறப்படுமுன் அவன் என்ன செய்தான் என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கருவியைச் சுமந்து, அதை உபயோகிக்கக் கற்று, தோழர்களோடு ஏற்பாடு பேசிவைத்தவன் நிற்பது ஒன்று. வெறுங்கையோடு போய் வேடிக்கை பார்த்து நிற்பது மற்றொன்று.

புதன் மாலை அந்தப் பையனை வரவழைத்து இவ்வளவையும் சொன்னோம். போகாதே என்று சொல்லவில்லை. குல்மார்க்கின் சமவெளியில் உள்ளூர் வழிகாட்டியோடு ஓட்டுவதில் பெரிய அபாயமில்லை. மேலே அபர்வத் மலைச் சரிவுகள் வேறு சங்கதி. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் போலந்து தேசத்துப் பனிச்சறுக்குப் பயணிகள் இருவர் மாண்டது அங்கேதான்.

பையன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நண்பன் மேலே நின்று கூப்பிடும்போது, கீழே என்னால் நிற்க முடியுமா, சுவாமி?" என்றான். நம்மாலும் முடியுமா என்று தெரியவில்லை, தம்பி என்றோம். ஆகையால்தான் ஐந்து பேரும் இங்கேயே, இந்தத் தாம்பரத்திலேயே, அதைப் பேசி முடித்துக்கொண்டு ரயிலேற வேண்டும்.

வரும் சனிக்கிழமை மற்ற நால்வரையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். தாயாருக்கு மனம் இன்னும் ஆறவில்லை. அவர்கள் அங்கே இருக்கும் வாரத்துக்கு ஒரு பூசை எழுதிவைத்துவிட்டுப் போனார்.