எஞ்சினிடம் சத்தியம் வாங்க முடியுமா?

காசிமேட்டில் நடுக்கடலில் நின்றுபோன விசைப்படகைப் பற்றிப் பேச்சு வந்தாலும் சரி, எண்ணூர் நெடுஞ்சாலையில் பாரத்தோடு நின்றுவிட்ட டிரெய்லரைப் பற்றி வந்தாலும் சரி, ஒரே குறைதான் காதில் விழும்: “இத்தனை வருசம் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தேன், கடைசியில கைவிட்டுடுச்சே!” சொன்ன சொல்லைக் காப்பாற்றாத ஒருவர் மேல் வரும் மனத்தாங்கல் இது. அதற்கு நியாயம் உண்டா? எஞ்சின் என்றைக்காவது யாருக்காவது வாக்குக் கொடுத்ததா?

கேள்வி பெரியது. அதை ஆராய மிகச் சிறிய எஞ்சின் ஒன்று போதும்.

ரேடியோ ரிமோட்டால் பறக்கவிடும் மாதிரி ஜெட் விமானங்களில் பொருத்தும் டர்பைனை ஒரு கையால் தூக்கிவிடலாம். உள்ளே ஒரே ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் காற்றை உறிஞ்சி அமுக்கும் சக்கரம், மறுமுனையில் எரிந்த வாயு சுழற்றும் சக்கரம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டைத் தாங்குவது இரண்டு சின்னஞ்சிறு பால் பேரிங்குகள். பெரும்பாலான எஞ்சின்களில் இவற்றுக்கென்று தனி ஆயில் டேங்க் கிடையாது. மண்ணெண்ணெயில் 5 சதவீதம் வரை டர்பைன் ஆயிலைக் கலந்து, அந்த எரிபொருளிலேயே ஒரு சிறு பங்கைப் பேரிங்குகளின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கலக்க மறந்தால் பேரிங் தாங்காது. குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் தீ அணைந்துவிடலாம். குமிழியைப் பிடித்து நிறுத்தவே எஞ்சினுக்கு முன்னால் ஒரு குட்டி டேங்க் வைக்கிறார்கள். தரையில் கிடக்கும் ஒரு கூழாங்கல் உள்ளே போனால் சக்கரத்தின் இறக்கைகள் நொறுங்கும். அணைத்த பிறகும் வேலை முடியாது. சூடு பேரிங்குக்குப் பரவாமலிருக்க, ஸ்டார்ட்டர் மோட்டாரே தண்டைச் சுழற்றிச் சுழற்றி ஆறவைக்கும்.

1983-இல் இங்கிலாந்தில் ஜெரி ஜாக்மன் குழுவினர் இத்தகைய டர்பைனைக் கொண்டு முதல் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய டர்பைன் ஒன்றை வடிவமைத்தார். காற்றை அமுக்கும் சக்கரத்தை ஒட்டுப்பலகையில் கடைந்து கார்பன் நாரால் இறுக்கினார். இன்று கடையில் வாங்கி, பட்டனைத் தட்டினால் எஞ்சின் தானே கிளம்புகிறது. 25 மணி நேரம் ஓடியதும் சர்வீஸுக்கு அனுப்பச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. பறப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 150 பறப்பு.

சென்னை பேசின் பிரிட்ஜில் 1996-இல் வந்த 120 மெகாவாட் கேஸ் டர்பைன் மின்நிலையமும் அடிப்படையில் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. இரண்டே எஞ்சின் உள்ள பயணி விமானம், அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவு வரை கடல்மேல் போக அனுமதி வேண்டுமானால், நடுவானில் எஞ்சின் நிற்பது 1,000 மணி நேரத்துக்கு 0.02 தடவை என்ற அளவைத் தாண்டக்கூடாது. அதாவது 50,000 மணி நேர ஓட்டத்தில் ஒரு தடவை. நம் நாட்டின் ‘அப்யாஸ்’ இலக்கு விமானமும் சிறிய கேஸ் டர்பைனால் பறப்பதுதான். 2024-இல் ஒடிசாவின் சண்டிப்பூரில் அதைத் தொடர்ந்து ஆறு முறை சோதித்து வெற்றி கண்டார்கள்.

ஆறு முறை பறந்தது ஏழாம் முறையும் பறக்கும் என்று எந்த அதிகாரத்தில் சொல்கிறோம்?

வடசென்னையின் விம்கோ நகர் என்ற பெயரே இந்தக் கேள்வியைச் சுமந்து நிற்கிறது. விம்கோ என்பது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. இங்கே இருந்தது தீப்பெட்டித் தொழிற்சாலை. தீக்குச்சியைப் போலச் சோதனைக்கு அடங்காத பொருள் வேறில்லை. பற்றுமா என்று பார்க்க உரசினால் குச்சி தீர்ந்துபோகும். பெட்டியில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு குச்சியும் சோதிக்கப்படாத குச்சிதான். ஆயிரத்தில் சிலவற்றை உரசிப் பார்த்து மற்றவற்றைக் கருதியே அறிகிறோம். டர்பைனும் ஏறக்குறைய இப்படித்தான். ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு நிமிடமும் அதன் பேரிங்கின் ஆயுளிலிருந்து கழிகிறது.

கருதி அறிவதே கூடாது என்று வாதிட்டவர்கள் தமிழ்க் காப்பியத்தில் இருக்கிறார்கள். மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கும் காதையில் கடைசியாக வருபவன் பூதவாதி. கண்ணால் காண்பதே அறிவு, அனுமானம் செல்லாது என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். அதே காதை அறிவில் நேரும் பிழைகளையும் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று தேராது தெளிதல்: வெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமலே மனிதன் என்று முடிவுகட்டுவது. நேற்று ஓடியது என்ற ஒரே காரணத்தால் எரிபொருளைப் பார்க்காமல் எஞ்சினைக் கிளப்புபவர் செய்வதும் அதைத்தான்.

ஆக, அனுமானம் இல்லாமல் வாழ முடியாது. ஆனால் அனுமானம் எதிர்பார்ப்பை மட்டுமே தரும். 50,000 மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கு யாரும் யாருக்கும் கொடுத்த வாக்கு அல்ல.

அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த தத்துவ அறிஞர் ஆனெட் பேயர் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த வேறுபாட்டைக் கூர்மையாகக் காட்டினார். ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் தினமும் தவறாமல் நடக்கப் போவதைப் பார்த்து அண்டை வீட்டார் நேரம் குறித்துக்கொள்வார்களாம். ஒருநாள் அவர் தூங்கிவிட்டால் அவர்களுக்கு ஏமாற்றம் வரலாம். அவர் துரோகம் செய்துவிட்டார் என்று சொல்ல மட்டும் வழியில்லை. ஒருவரின் வழக்கத்தைச் சார்ந்திருப்பது வேறு, ஒருவரை நம்பி நம்மை ஒப்படைப்பது வேறு.

இதைவிட ஆழமான பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் தெற்கே இரண்டாவது நிறுத்தம் திருவொற்றியூர் தேரடி. இறங்கினால் தியாகராஜர் கோயில். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், இங்கே பூத்தொடுக்கும் திருத்தொண்டு செய்த சங்கிலியாரை விரும்பினார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டிவந்தது. சந்நிதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று அஞ்சி, அந்நேரம் மட்டும் மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனையே கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாருக்கு விஷயத்தைத் தெரிவித்துவிட்டார். “சந்நிதி வேண்டாம், மகிழடியிலேயே செய்யட்டும்” என்றானது. சுந்தரரும் செய்தார். பிறகு திருவாரூர் நினைவு வந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்களும் போயின. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் ஒற்றியூர் இதை நினைவுகூர்கிறது.

மீற முடிந்தவரிடம்தான் சத்தியம் வாங்குகிறோம். சுந்தரரின் மனத்தில் ஒரு திருவாரூர் இருந்தது. அதனால்தான் மகிழடி தேவைப்பட்டது. எஞ்சினின் மனத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை, மனமே இல்லை. ஆயில் இருந்தால் சுழலும், இல்லாவிட்டால் இறுகும். அது கைவிட்டது என்று சொல்லும்போது, ஆயிலை அளந்து ஊற்றாத கை தப்பித்துவிடுகிறது. தம்பிரான் தோழரான சுந்தரருக்கே கிடைக்காத சலுகை இது.

திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் இரண்டைத் தீராத துன்பம் என்கிறது: ஆராயாமல் ஒருவரை நம்புவது ஒன்று, ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவது மற்றொன்று. மனிதருக்கு இரண்டும் பொருந்தும். நம்பி வேலையைக் கொடுத்தவரை நாள்தோறும் சந்தேகித்தால் அவர் உடைந்துபோவார். இயந்திரத்துக்கு முதல் பாதிதான் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்து. டர்பைன் விமானத்தைக் கிளப்புபவர் ஒவ்வொரு முறையும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிறார். ரேடியோ சிக்னல் அறுந்தால் எஞ்சின் தானே அணையும்படி முன்கூட்டியே அமைத்துவைக்கிறார். இந்தச் சந்தேகம் எஞ்சினுக்கு அவமதிப்பு ஆகாது. கீழே நிற்கும் மனிதர்களுக்குச் செய்யும் மரியாதை அது.

வாக்குக் கொடுக்க முடியாத எஞ்சினுக்கு வேறொன்று முடியும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது என்று எழுதிவைத்திருக்கிறது. பல வகைகளில் கடைசியாக ஏன் நின்றது என்ற காரணமும் இருக்கும். சூடு மிஞ்சியதா, சுற்று குறைந்ததா, சிக்னல் போனதா, அல்லது இயக்குபவரே அணைத்தாரா என்று திரையில் வரும். சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்லும். உரைக்கு மதிப்பு வருவது சொல்பவர் பொய்யாதவராக இருந்தால்தான். இயந்திரத்துக்கு மறைக்கத் தெரியாது. மறைக்கத் தெரிந்தவர்கள் நாம்: வெளியே தெரிந்தால் பெயர் கெடும் என்று நாம் விழுங்கும் ஒவ்வொரு பழுதும், அதே வகை எஞ்சினை வைத்திருக்கும் இன்னொருவரின் அனுமானத்தைப் பொய்யாக்குகிறது.

அப்படியானால் ஆயுத பூஜை வீணா? அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும் வளர்ந்த இந்த வட்டாரத்தில் அப்படிச் சொல்ல மனம் வராது, சொல்லவும் கூடாது. அன்றைக்கு மெஷின் நிற்கிறது. பிசுக்கைத் துடைக்கிறார்கள், மூலைமுடுக்கெல்லாம் கண் போகிறது, சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். அங்கே சத்தியம் செய்பவர் பொட்டு வைப்பவர்: உன்னைப் பட்டினி போட மாட்டேன், உன் சத்தத்தைக் கேட்காமல் இருக்க மாட்டேன் என்று. அதை மீற அவரால் முடியும். அதனால்தான் அது வழிபாடு ஆகிறது.

அதே நாளில் சரஸ்வதி முன் புத்தகங்களை அடுக்குகிறோம். பட்டறை வைத்திருப்பவர்களும், லாரி, படகு, டர்பைன் எதை ஓட்டுபவர்களும், இந்த ஆண்டு அந்த அடுக்கில் எஞ்சினின் ஓட்டக் குறிப்பேட்டையும் வையுங்கள். எப்போது நின்றது, யாருடைய எந்தத் தவறால் நின்றது என்று ஒன்று விடாமல் எழுதி வையுங்கள்.